ஃபிரிட்ஜில் சில்வர் ஷீட் வேண்டாம், ஏசி பைப்புக்குக் கட்டாயம் சுற்றுங்கள்

கத்திரி வெயில் நெருங்கினால் போதும், வீட்டில் உள்ள எல்லாச் சாமானுக்கும் சில்வர் ஷீட் (காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக்கின் மேல் பளபளப்பான அலுமினியம் ஒட்டிய பபிள் ஷீட்) ஒட்டச் சொல்லி வீடியோக்கள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டு, ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் போர்த்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்று, இன்வெர்ட்டர் பேட்டரி மேலே விரி, கரண்ட் பில் பாதியாகும் என்கிறார்கள். இதில் சில வெட்டிச் செலவு, சில ஆபத்து, உண்மையாகவே பயன் தருகிற இடம் அவர்கள் சொல்லாத ஒன்று. ஃபிரிட்ஜில் ஒட்டுவது நேரடியான கெடுதல், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஷீட் செய்வது ஒரே ஒரு வேலை. தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், அனல் அடிக்கும். நடுவில் சமையலறை ஃபாயிலை நீட்டினால் அனல் சட்டென்று நின்றுவிடும். அதே ஃபாயிலைக் கல்லின் மேலேயே போட்டால் அதுவும் கல்லோடு சேர்ந்து சுடும் (தொட்டுப் பார்க்க வேண்டாம்). பளபளப்பான அலுமினியம் தன் மேல் விழும் வெப்பக் கதிரில் 95 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும், ஆனால் சூடான பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தால் வெப்பம் அதன் வழியாகவே கடந்து போய்விடும், அலுமினியத்தில் வெப்பம் அவ்வளவு சுலபமாக ஓடும். ஷீட்டின் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். தூசி படிந்து மங்கினாலும் அவ்வளவுதான்.

விண்வெளியில் இதே படலம் அற்புதமாக வேலை செய்கிறது. 1973-ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தை ஏவியபோது அதன் வெளிக்கவசம் பிய்த்துக்கொண்டு போய், உள்ளே 50 டிகிரியை ஒட்டிச் சூடாகிவிட்டது. முதலில் போன மூன்று வீரர்கள் அலுமினியம் பூசிய மெல்லிய விரிப்பைக் குடை மாதிரி வெளியே விரித்த பிறகுதான் உள்ளே மனிதர் தங்க முடிந்தது. அங்கே காற்று இல்லை, வெப்பம் கதிராக மட்டும்தான் வர முடியும், அதனால் படலம் ஒன்றே போதும். நம் வீட்டில் காற்றும் இருக்கிறது, ஒட்டுகிற பசையும் இருக்கிறது, கணக்கு மாறிவிடுகிறது.

சரி, ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். பழைய ஃபிரிட்ஜ்களின் பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை ஒன்று இருக்குமே, உள்ளே இருந்து எடுத்த வெப்பத்தை அதுதான் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் அந்தக் குழாய்களைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள் மறைத்துவிட்டார்கள், அதனால்தான் கை வைத்தால் இரண்டு பக்கமும் வெதுவெதுவென்று இருக்கிறது. வெயில் காலத்தில் நன்றாகவே சுடும், அது கோளாறு இல்லை, ஃபிரிட்ஜ் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் பபிள் ஷீட்டை ஒட்டினால் குமிழிக்குள் இருக்கும் காற்று வெப்பத்தை அடைத்து வைக்கும், மேலே உள்ள பளபளப்பு கதிராகப் போவதையும் தடுக்கும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், பில்லும் ஏறும், கம்ப்ரசரின் ஆயுளும் குறையும். கரூரில் எங்கள் சித்தி வீட்டில் ஒரு கடைக்காரர் அப்படித்தான் இரண்டு பக்கமும் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஃப்ரீசரில் ஐஸ் சரியாக உறையவில்லை, கம்ப்ரசர் சத்தம் ராத்திரி முழுக்க ஓயவில்லை. ஹேர் டிரையரைக் காட்டிக் காட்டிப் பசையை இளக்கி உரித்தெடுத்தோம், அடியில் தகடு கொதித்துக் கிடந்தது. அன்றைக்கு ராத்திரியே கம்ப்ரசர் நின்று நின்று ஓட ஆரம்பித்துவிட்டது. சித்தியின் இரண்டாயிரம் ரூபாய் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஃபிரிட்ஜுக்குத் தேவை காற்றுதான். இரண்டு பக்கமும் பின்னாலும் நாலு விரல் இடம் விடுங்கள், மேலே பழைய துணி மூட்டையும் அட்டைப் பெட்டியும் அடுக்காதீர்கள். அடுப்பும் ஃபிரிட்ஜும் பக்கத்துப் பக்கத்தில், வேறு வழியே இல்லை என்றால், நடுவில் தனியாக நிற்கிற மாதிரி ஓர் அலுமினியத் தகட்டை வையுங்கள், ஃபிரிட்ஜைத் தொடாமல் இருக்கட்டும். அங்கே பபிள் ஷீட் கூடவே கூடாது, அது பிளாஸ்டிக், தீ பக்கத்தில் உருகும், பற்றிக்கொள்ளவும் செய்யும். ஃபிரிட்ஜ் வாங்கும்போதே லேபிளில் கிளைமேட் கிளாஸ் என்ற இடத்தில் ‘டி’ (T) என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், சுற்றுப்புறம் 43 டிகிரி வரை போனாலும் தாங்கும் என்பதற்கு அடையாளம் அது. நம் ஊருக்கு அதுதான் சரி.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மேல் அலுமினிய ஷீட் விரிப்பது ஆபத்து. அலுமினியத்தில் மின்சாரம் பாயும், ஓர் ஓரம் நழுவி இரண்டு டெர்மினலிலும் பட்டால் பொறி பறக்கும், சார்ஜ் ஆகும்போது வருகிற, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் பக்கத்திலேயே இருக்கும். வெப்பம் பேட்டரியின் எதிரி என்பது உண்மைதான், 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. அதற்கு வழி, பேட்டரியை வெயில் விழாத, காற்று வருகிற மூலைக்கு மாற்றுவது.

மொட்டை மாடித் தொட்டிக்கு ஷீட்டைவிட வெள்ளைப் பெயிண்ட் மேல். ஷீட் வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் உள்ளே ஏறிவிட்ட மிச்சச் சூட்டைக் கதிராக வெளியே விடாது, வெயிலில் வைத்த எவர்சில்வர் குடம் கையைச் சுடுவது அதனால்தான். வெள்ளை இரண்டையும் செய்யும். பிளாஸ்டிக் தொட்டியில் பெயிண்ட் சீக்கிரம் உரிந்துவிடும், அதற்கு மேலே கீற்றுக் கொட்டகையோ பச்சை வலையோ போடுவது நல்லது.

அப்புறம் ஏசி. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது, அதோடு தான் இழுக்கிற மின்சாரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 6.7 கிலோவாட்டை வெளியே தள்ளுகிறது. அவுட்டோர் யூனிட்டின் மேல்தகடு கால் சதுர மீட்டர் வரும், உச்சி வெயிலில் அதில் விழுவது 250 வாட் இருந்தால் அதிகம். அதை முழுக்கத் தடுத்தாலும் லாபம் நூற்றுக்கு நான்குகூட இல்லை. முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ ஷீட்டால் மூடிவிட்டால் வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்ப இழுக்கும், நஷ்டம் பல மடங்கு. யூனிட்டைச் சுற்றியுள்ள தளத்துக்கும் சேர்த்து, கொஞ்சம் உயரத்தில், நாலு பக்கமும் திறந்தபடி நிழல் வலை கட்டினால் அது இழுக்கிற காற்றே சற்றுக் குளிர்ந்திருக்கும்.

ஆனால் அதே ஏசியில் அலுமினிய டேப் பேசாமல் காசு மிச்சப்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது, வீடியோக்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. அறையிலிருந்து வெளியே போகும் செப்புக் குழாய்கள் மேல் கறுப்பு நுரை உறை இருக்கும், பாருங்கள். ஸ்பிளிட் ஏசியில் பெரும்பாலும் அந்த இரண்டு குழாயுமே குளிர்ச்சியாகத்தான் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்த நுரை காய்ந்து வெடித்து, தொட்டால் கறுப்புத் தூளாகக் கையில் ஒட்டும், பிறகு மொட்டை மாடி வெயில் நேராகக் குழாய்க்குள் இறங்கும். பொடிந்துபோன நுரையை எடுத்துவிட்டுக் குழாய்களுக்குத் தனித்தனியே புது நுரை போடச் சொல்லுங்கள், அதன் மேல் அலுமினிய டேப்பைச் சுற்றுங்கள். நுரை உள்ளே இருக்கிறது, டேப் குழாயைத் தொடவில்லை, அதனால் இங்கே ஒட்டுவதில் தப்பில்லை, புற ஊதாவும் உள்ளே போகாது. டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றவேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடட்டும், மேலிருந்து சுற்றினால் ஐப்பசி மழைத் தண்ணீர் மடிப்புக்குள் இறங்கி நுரையை ஊறவைத்துவிடும். அவுட்டோர் யூனிட்டில் குழாய் சேரும் இடத்தில் உள்ள வால்வு மூடியை மட்டும் டேப்பால் மூடாமல் விடுங்கள், அடுத்த சர்வீஸில் மெக்கானிக் அதைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.