இருபது குதிரையைக் காணோம்

டர்போ என்ற சொல்லை இந்த வாரம் எங்கள் வீட்டில் உச்சரித்த அளவுக்கு முருகன் பெயரைச் சொல்லியிருந்தால், மருதமலையில் எங்களுக்குத் தனி வரிசையே விட்டிருப்பார்கள். காரணம் வேறு யார், மச்சினன்தான். போன தீபாவளிக்கு இன்வெர்ட்டரை "சும்மா ட்யூன் பண்றேன் மாமா" என்று தொட்டு, மாடி போர்ஷனையும் சேர்த்து இருட்டாக்கிய அதே ஆள்.

ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போனோம். மாமனாரின் 2012 ஸ்விஃப்ட், பெட்ரோல். ஓட்டியது மச்சினன். உள்ளே ஐந்து பேர், ஏசி, டிக்கியில் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும் அளவு புளிசாதம். குன்னூர் மலை ரோட்டில் பர்லியார் தாண்டியதும் ஓர் அரசுப் பேருந்து எங்களை முந்தியது. சர்ரென்று பறந்து போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நிதானமாக, ஜன்னலோரப் பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து உச்சுக் கொட்ட நேரம் கொடுத்து முந்தியது.

"ஏங்கண்ணு, பஸ்ஸே போகுது, நாம ஏன் நிக்கறோம்?" என்றார் மாமியார்.

"நிக்கலம்மா, போய்ட்டுத்தான் இருக்கோம்."

"அப்பறம் என்னமோ தீயற வாசம் வருதே?"

"குன்னூர் பக்கம் வந்துட்டோம்ல, தேயிலை ஃபேக்டரி வாசம்மா அது."

எஞ்சின் மட்டும் வானத்துக்கே கிளம்புகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. வண்டி மண்ணை விட்டு நகர மனமில்லாமல் ஏறியது.

அன்று இரவு மச்சினன் தூங்கவில்லை. விடிந்து காபிக்கு வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன, கையில் பேப்பரில் போட்ட படம். ஸ்விஃப்டுக்கு டர்போ மாட்டணுமாம். 1905-லேயே ஆல்ஃபிரட் பியூகி என்ற சுவிஸ் பொறியாளர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டாராம், நாம்தான் இன்னும் காற்றைச் சும்மா உறிஞ்சிக்கொண்டிருக்கிறோமாம். சைலன்சர் வழியாக வீணாய்ப் போகிற புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது, அந்தச் சக்கரத்தின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பது, காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், பெட்ரோல் கூடினால் இழுவை கூடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலே சுழலும் என்று அவன் சொன்னபோது மாமியார் மிக்ஸியைத் திரும்பிப் பார்த்தார்.

"மலையில காத்தே கம்மி மாமா. ஊட்டி உயரம் 2,240 மீட்டர். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்குதான். நம்ம வண்டி பவர் 87 குதிரை. ஊட்டி போய்ச் சேர்றதுக்குள்ள இருபது குதிரையைக் காணோம்!"

"குளிருக்கு எங்கியாச்சும் ஒதுங்கியிருக்கும்" என்றார் மாமியார்.

கணக்கு சரிதான், அதை மறுக்க முடியாது. மலைக்காற்றின் குறையை ஈடுகட்டுவதில் டர்போவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பஸ் எங்களை முந்தியது பர்லியாரில், பர்லியார் என்ன அவ்வளவு உயரமா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

மாமனார் பேப்பரை மடித்துவிட்டு வாயைத் திறந்தார். இது அபூர்வம். "மலை ரயிலு 1899-ல இருந்து குன்னூர் ஏறுது. டர்போவா வெச்சிருக்கான்? கல்லாறுல இருந்து தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்சிருக்கான். மெதுவாப் போனா எல்லாம் ஏறும்." மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லி வைத்தேன். நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய ஜோர்டான் காரில் டர்போ கிடையாது. 1989 முதல் 2013 வரை அங்கே யாருக்குமே டர்போ கிடையாது, தடை.

"அது பத்து சிலிண்டர் மாமா. நம்மளுது நாலு."

இவனிடம் பேசி ஜெயித்தவர் உலகத்தில் ஒருவர்தான், அவன் அக்கா. அவள் தோசைக்கரண்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த எஞ்சினை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், வண்டி எங்காவது முட்டினால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிப்பான். "ஆர்.சி. புக்கு அப்பா பேர்ல இருக்குது. உள்ள போறது அப்பா."

பேப்பர் மறுபடி கீழே இறங்கியது. மாமனார் மகனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பல் சக்கரம் எல்லாம் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டே தீருவேன் என்று கிளம்பினான். துணைக்கு நான். துணை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், ஜிபே.

அண்ணன் முதலில் ஒன்றும் பேசவில்லை, டீ சொன்னார். அப்புறம் விரல் மடக்க ஆரம்பித்தார். சாதா எஞ்சின் ஏற்கெனவே காற்றைப் பத்து, பதினொரு மடங்கு நசுக்குகிறது. அதன் மேல் டர்போ வேறு அமுக்கினால் தீப்பொறியின் சுடர் வந்து எட்டுறதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானாக வெடிக்கும், டொக்கு டொக்கென்று தட்டும், பிஸ்டன் காலி. ஆகவே பிஸ்டன் மாற்றணும், கனெக்டிங் ராடு மாற்றணும், இன்ஜெக்டர் பெரிசாக்கணும், ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரைப் புதிதாக எழுதணும், சூடான காற்றை ஆற்ற இன்டர்கூலர் வைக்கணும், டர்போ பேரிங்குக்கு ஆயில் லைன் இழுக்கணும். இத்தனை வேகம் வந்தால் பிரேக் பத்தாது, அதையும் மாற்றணும். "எல்லாம் முடிஞ்சா வண்டி விலைக்கு மேல செலவு நிக்கும். அந்தக் காசுக்கு இதை வித்துப்போட்டு கம்பெனியே டர்போ வெச்சு விக்கற வண்டி ஒண்ணை செகண்ட்ஸ்ல எடுத்துக்கங்க தம்பி."

நான் சொன்னால் கேட்பானா? அவர் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது.

"சரிங்ணா, அந்த ஈசியூவ மட்டும் மாத்தி எழுதற ரீமேப்பாச்சும்?"

"டர்போ வண்டிக்கு ரீமேப் பண்ணுனா ரோட்டுல தெரியும். இதுக்குப் பண்ணுனா பில்லுலதான் தெரியும்."

அப்புறம் அவர் சாவியை வாங்கி வண்டியில் ஏறினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, நாலாவது கியர் போட்டு, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக் கிளட்சை விட்டார். நியாயமாக அந்த நொடியே எஞ்சின் குலுங்கி ஆஃப் ஆகணும். ஆகவில்லை. ஜம்மென்று ஓடிக்கொண்டே இருந்தது. கீழே இருந்து ஒரு வாசம் வந்தது. தேயிலை ஃபேக்டரி வாசம்.

"கிளட்ச் பிளேட் தேஞ்சு வழுக்குது. இருக்கற குதிரையே சக்கரத்துக்குப் போய்ச் சேரல, இன்னும் அம்பது குதிரை வாங்கி எங்க கட்டப் போறீங்க?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "யாரு ஓட்டறது? கிளட்ச் மேலயே கால வெச்சு ஓட்டற பழக்கமோ?" என்றார்.

மச்சினன் டீ கிளாசுக்குள் எதையோ தேடினான்.

கிளட்ச் செட் மாற்றினோம். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் அதில் பாதி அவினாசி ரோடு இருந்தது, அதையும் மாற்றினோம். ஸ்பார்க் பிளக் நான்கு, டயரில் சரியான காற்று. கூலியோடு பத்தாயிரத்துச் சில்லறை. என்னைக் கேட்டால் பழைய சாதா வண்டிக்குச் செய்ய வேண்டிய அப்கிரேட் இவ்வளவுதான், கையில் இன்னும் காசு இருந்தால் நல்ல டயர் நாலு. வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொள்வது குதிரை இல்லையே, ரப்பர்தானே. ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்?

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியாரை ஏற்றிக்கொண்டு மருதமலை ரோட்டில் ஒரு சுற்று. இரண்டாவது கியரில் மேடு ஏறியதும் அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "அட, டர்போ போட்டது நல்லாத் தெரியுதே கண்ணு!"

திரும்பி மச்சினனைப் பார்த்தேன். அவன் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. கூலிங்கிளாஸை மட்டும் சரிசெய்துகொண்டான். அடுத்த மாதம் வால்பாறையாம், நாற்பது கொண்டை ஊசி வளைவையும் ஒரு கை பார்த்துவிடலாமாம். எனக்குப் பின்சீட்டில் நடு இடம் ஒதுக்கியாயிற்று.

நேற்றுச் சாயங்காலம் கேட்டில் நின்றிருந்தேன். எதிர்வீட்டு வாத்தியார் ரோட்டைக் கடந்து வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "தம்பி, உங்க மச்சினன்கிட்டச் சொல்லி என்ற ஆல்ட்டோவுக்கும் ஒரு டர்போ போட்டுத் தரச் சொல்லுங்க. உங்ககிட்ட விவரம் கேட்டுப் பிரயோஜனமில்லை, உங்களுக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு உங்க மாமியார் சொன்னாங்க."