நான்கெல்லைக்குள் அடங்காத தீவு

பத்திரம் எழுதுவது என் தொழில். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு 26 வருஷமாகிறது. கிரயமோ பாகப்பிரிவினையோ, எதை எழுதினாலும் கடைசியில் சொத்து விவரத்தில் வந்து நிற்கவேண்டும். ‘இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, ஊருணிக் கரைக்கு வடக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது’ என்று எழுதி முடித்தால்தான் அது சொத்து.

கடற்கரை என்பதால் மனு எழுதும் வேலையும் கூடவே வந்து சேர்ந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அம்மா கேரிபேக்கில் ரேஷன் கார்டு, மகனுடைய மீனவர் அடையாள அட்டை, மீன்துறை கொடுத்த டோக்கன் சீட்டு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வந்தார். மகனை இலங்கை நேவி பிடித்துப் போய் மூன்று நாள். “கச்சத்தீவு பக்கத்துலன்னு எழுதுங்க தம்பி” என்றார். நான் ‘கச்சத்தீவு அருகே தவறுதலாக எல்லை தாண்டிச் சென்றபோது’ என்று எழுதினேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் வாங்கிப் படித்தார். ‘தவறுதலாக எல்லை தாண்டி’ என்ற மூன்று சொல்லையும் அடித்து, மேலே ‘பாரம்பரியமாக மீன்பிடித்து வரும் பகுதியில்’ என்று எழுதினார். “நீயே குத்தத்தை ஒத்துக்கிட்டு எழுதிட்டியேப்பா. நாளைக்கு இதை எவன் எடுத்து எங்க காட்டுவான்னு யாருக்குத் தெரியும்?” அந்த அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெரியவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. சிங்கப்பூர் நீரிணையில் பெட்ரா பிராங்கா என்று ஒரு பாறைத்தீவு. மலேசியாவும் சிங்கப்பூரும் அதற்காக சர்வதேச நீதிமன்றம் வரை போயின. பூர்வீகம் ஜொகூர் சுல்தானுடையது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் 1953-ல் ஜொகூர் அரசின் பொறுப்புச் செயலர் ஒருவர், அந்தப் பாறைக்கு ஜொகூர் உடைமை கோரவில்லை என்று சிங்கப்பூருக்கு ஒரு வரி எழுதியிருந்தார். 2008-ல் தீர்ப்பு சிங்கப்பூர் பக்கம் போனதற்கு அந்தக் கடிதம் முக்கியமான காரணம்.

அதிலிருந்து தீவுத் தகராறு எதைப் படித்தாலும் பத்திரம் படிப்பது போலவே படிக்கிறேன். மலேசியாவும் இந்தோனேசியாவும் கேட்ட சிப்பாடான், லிகித்தான் தீவுகளை 2002-ல் அதே நீதிமன்றம் மலேசியாவுக்குக் கொடுத்தபோது நீதிபதிகள் பார்த்தது ஆமை முட்டை எடுப்பதை யார் ஒழுங்குபடுத்தினார்கள், பறவைச் சரணாலயம் என்று யார் அறிவித்தார்கள் என்பதைத்தான். ‘எங்கள் மீனவர்கள் காலங்காலமாக அங்கே போய் வந்தார்கள்’ என்று இந்தோனேசியா சொன்னது. அரசின் உத்தரவோ அதிகாரமோ இல்லாமல் தனி ஆட்கள் செய்வது கணக்கில் வராது என்று தள்ளிவிட்டார்கள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் ஆபீஸ் பாஷையில் ‘அனுபோகம்’ என்று ஒரு சொல் உண்டு. தலைமுறையாக உழுதவனுக்கு அதில் ஒரு பலம் இருக்கிறது. கடலில் வலை போட்டவனுக்கு அந்தப் பலம் கிடையாதாம்.

கச்சத்தீவுக்குக் காகிதம் இல்லாமல் இல்லை. 285 ஏக்கர், குடிதண்ணீர் கிடையாது, ஆள் குடியிருப்பும் கிடையாது. ராமநாதபுரம் ஜமீன் 1880-ல் துணிக்குச் சாயம் ஏற்றும் சாயவேர் எடுக்க எழுதிக் கொடுத்த குத்தகையில் அந்தத் தீவும் சேர்ந்திருக்கிறது. சிலோன் அரசோ தன் பழைய வரைபடங்களைக் காட்டியது. 1921-ல் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியும் முடிவு கட்டவில்லை. 1974 ஜூன் 26-ல் கொழும்பிலும் 28-ல் டெல்லியிலும் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ‘தீவைக் கொடுத்தோம்’ என்று ஒரு வரிகூட இல்லை. ஆறு புள்ளிகளை இணைத்து ஒரு கோடு, அவ்வளவுதான். கோடு தீவுக்கு ஒரு மைல் மேற்கே விழுந்தது, தீவு அந்தப் பக்கம் போய்விட்டது.

5-ஆம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. ஆனால் அது ‘மேற்கண்டவற்றுக்கு உட்பட்டு’ என்று தொடங்குகிறது. என் தொழிலில் இருக்கிற யாருக்கும் அந்தச் சொல்லின் கனம் தெரியும். மீன்பிடிக்கலாம் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. இரு நாட்டுப் படகுகளுக்கும் வழக்கமான உரிமைகள் தொடரும் என்ற 6-ஆம் பிரிவை நம்பியிருந்தோம். 1976 மார்ச்சில் இரு நாட்டுச் செயலர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள், அவரவர் கடலில் அடுத்தவர் மீன்பிடிக்கக் கூடாது என்று அதையும் அடைத்துவிட்டன.

ஒரு தாத்தா என்னிடம் சொன்னார்: “நூல்வலைக் காலத்துல அந்தத் தீவுலதான்யா காயப்போடுவோம். காயலேன்னா இத்துப்போகும். இப்ப நைலான் வலை, காயப்போடவே வேண்டாம். வலை காயப்போடுற உரிமைன்னு மேடையில பேசுறாங்க, எனக்குச் சிரிப்பு வரல, அழுகைதான் வருது.”

தீவைத் திரும்பப் பெறவேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானம் போடுகிறது. அந்த வலி எனக்கும் உண்டு. ஆனாலும் நாளைக்கே தீவு வந்தால் கைது நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. நம் விசைப்படகுகள் பல அதைத் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் வரை போகின்றன. கடலடியை வாரும் இழுவைமடி வலையை இழுத்து இழுத்து நம் பக்கத்துக் கடலில் மீன் குறைந்துபோனதும் அதற்கு ஒரு காரணம். இலங்கையில் இழுவைமடிக்கு 2017-லேயே தடை போட்டுவிட்டார்கள். நிலத்தில் கூட்டுக் கிணறு இருந்தால் நாங்கள் கோடு போட்டு வெட்டுவதில்லை. ‘கிணற்றில் நாலில் ஒரு பங்கும், முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும்’ என்று எழுதுகிறோம். பாக் நீரிணையை மனைப் பிளாட் மாதிரி எழுதியிருக்கக் கூடாது, கிணறு மாதிரி எழுதியிருக்கவேண்டும். கிணற்றை இடிக்கிற இறைப்புக்கு எந்தப் பத்திரத்திலும் பாத்தியம் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு மாசியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நானும் போனேன். கொடியேறிய அன்று சாயங்காலம், வேலி ஓரமாக ஒரு நெடுந்தீவுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பத்திரம் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் பையிலிருந்து ஒரு முழ வலைத்துண்டை எடுத்து மடியில் விரித்தார். கத்தியால் அறுத்தது இல்லை, இழுத்துக் கிழிந்தது. கண்ணிகள் நீளவாக்கில் பிய்ந்து தொங்கின. “உங்கட ரோலர் படகு இழுத்தது அண்ணை. ஒரு ராவில எல்லாம் போச்சு. வலை வாங்கின கடன் இன்னும் கிடக்கு. இதை ஒரு மனுவா எழுதித் தாங்கோ.”

அனுப்புநர் எழுதினேன். பெறுநர் இடத்தில் யாரைப் போட என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, “உங்கட பக்கத்துப் படகுச் சங்கத்துக்குப் போடுங்கோ. அவைதான் எங்களுக்கு ஆக்கள்” என்றார்.

திரும்பி வந்த மறுநாள், அந்த மனுவையும் வலைத்துண்டையும் சங்கத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்தவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். வலைத்துண்டை விரலில் சுற்றிப் பார்த்தார். “நம்ம பக்கத்துச் சின்ன வள்ளக்காரங்களும் இதையேதான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டார்.