முப்பத்தொரு வெள்ளி ரூபாயும் ஒரு பவுனும்

அப்பத்தாவின் தலைத்திவசம் முடிந்த மறுநாள்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பட்டுச் சேலைகளுக்கு அடியில் ஒரு சுருக்குப் பை. கொட்டினால் கறுத்துப்போன வெள்ளி ரூபாய்கள் முப்பத்தொன்று, மஞ்சள் துணியில் முடிந்த தங்கக் காசு ஒன்று. தங்கக் காசு அப்பத்தாவின் தாலிக்கொடியில் கிடந்தது. தாத்தா போனபிறகு கழற்றி முடிந்து வைத்ததாகப் பெரியத்தை சொன்னார்.

பங்காளிகள் மூன்று பேர்: பெரியத்தை, அப்பா, சின்னத்தை. அப்பா உடனே கணக்கை முடித்துவிட்டார். "வெள்ளி ஆளுக்குப் பத்து, மிச்சம் ஒண்ணு சாமிக்கு. பவுனை வித்து மூணா பிரிச்சுக்கலாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாக் காசும் ஒரே விலை என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டேன். "அப்ப நீயே விசாரிச்சுட்டு வா மருமகனே" என்றார் பெரியத்தை. அப்படி ஆரம்பித்தது இது. 2025 ஜூன் மாதம் முழுக்க இதிலேயே போனது.

முதல் நாளே ஒரு தப்புச் செய்தேன். காசில் எழுத்தே தெரியவில்லை என்று, குத்துவிளக்கு துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்த்தேன். எடுத்தது நல்லவேளை ஒன்றுதான். கண்ணாடி மாதிரி பளபளத்தது. விக்டோரியா ராணியின் முகம், 1862 என்ற ஆண்டு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சந்தோஷமாகப் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பினேன். அது என்ன காரியம் என்று மாதக் கடைசியில்தான் தெரிந்தது.

மீதியை வெறும் தண்ணீரில் நனைத்துத் துணியால் ஒற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பிரித்தேன். விக்டோரியா ஏழு. அதில் மூன்று 1862, நான்கு அதற்குப் பிந்தியவை. 1877 முதல் காசில் ராணி என்பது போய்ச் சக்கரவர்த்தினி என்று எழுத்து மாறிவிடும். கிரீடம் இல்லாத ஏழாம் எட்வர்டு ஐந்து. ஐந்தாம் ஜார்ஜ் பதினொன்று. ஆறாம் ஜார்ஜ் எட்டு. இதில் ஒரு வேடிக்கை: 1862 என்று போட்ட காசெல்லாம் 1862இல் அடித்ததல்ல. 1874 வரைக்கும் அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். பின்பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்து வித்தியாசம் காட்டினார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு ராத்திரி முழுக்க எண்ணினேன்.

அப்புறம் தெற்காவணி மூல வீதிக்குப் போனேன். மதுரையில் தங்கம் வெள்ளி என்றால் அந்த வீதிதானே. முதலில் ஏறிய கடையில் காசுகளைத் தராசில் மொத்தமாகக் கொட்டிப் பார்த்துவிட்டு, "பழைய வெள்ளி, 60 டச்சுதான் நிக்கும். காசுக்கு அறுநூறு போட்டுத் தர்றேன்" என்றார்கள். டச் என்றால் நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. எனக்கு அப்போது அது தெரியாது. ஆனாலும் விக்டோரியாவுக்கும் ஆறாம் ஜார்ஜுக்கும் ஒரே விலை சொன்னது உறுத்தியது. தங்கக் காசுக்கு வளையத்தைக் காரணம் காட்டி 66,000 என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

அடுத்த சந்தில் ஒரு வயதான பத்தர். உரைகல்லை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. "காசை உரசக் கூடாது தம்பி, உரசினா கோடு விழுந்துரும்" என்று ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டினார். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் மூவரும் கணீரென்று நீளமாக ஒலித்தார்கள். ஆறாம் ஜார்ஜ் கொஞ்சம் மட்டுப்பட்டுப் பேசினார். "இது பாதி வெள்ளி, யுத்த காலத்துக் காசு" என்று எட்டையும் தனியாக ஒதுக்கிவிட்டார். அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்தேன்.

பத்தர் சொன்னது சரிதான். பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. ஆகவே ஒரு காசுக்குள் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1940இல் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம். போர் முடிந்து 1947இல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, வெறும் நிக்கல். எங்கள் எட்டும் 1940க்கும் 1945க்கும் இடைப்பட்டவை.

நான் விசாரித்த நாட்களில் வெள்ளி கிராம் 110 ரூபாயை ஒட்டி இருந்தது. தேய்மானம் போகக் காசு 11.5 கிராம் என்று வைத்தால் பழைய ரூபாயில் சுமார் 1,150 ரூபாய் வெள்ளி, போர்க்காலக் காசில் சுமார் 630. அப்பா சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பத்தாகப் பிரித்திருந்தால், எட்டு ஆறாம் ஜார்ஜும் ஒருத்தர் பங்கில் விழுந்து, மற்றவர்களைவிட அவருக்கு நாலாயிரத்துக்கு மேல் குறைந்திருக்கும். அறுநூறு சொன்ன கடைக்காரரைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எனக்கே இது உதவியது. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் காசை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. என் எட்வர்டு 11.58 கிராம், தண்ணீரில் 1.12 காட்டியது. வகுத்தால் 10.3. அந்தக் கலவை வெள்ளிக்கு வர வேண்டியது அதுதான். ஆறாம் ஜார்ஜ் 9.5 பக்கம் வந்தது. நூலில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், தட்டிவிட்டுப் பாருங்கள்.

தங்கக் காசுக்கு இது சரிப்படவில்லை, தாலிக்கொடியில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தார்கள். முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், பின்பக்கம் குதிரைமேல் இருந்து பாம்பு போன்ற ஒரு பிராணியைக் குத்தும் வீரன், ஆண்டு 1918. இதுதான் அசல் சவரன். எட்டு கிராமை நாம் சவரன் என்றும் பவுன் என்றும் சொல்வது இந்தக் காசால்தான். ஆனால் அசல் காசு எட்டு கிராம் இல்லை, 7.988. பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், அதாவது 22 காரட்.

1918 என்றதும் கை பரபரத்தது. அந்த ஒரு வருடம் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். ஆண்டுக்கு மேலே, குதிரையின் காலடியில் உள்ள தரைக்கோட்டில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பம்பாய்க் காசு. பெர்த் என்றால் 'பி', சிட்னி என்றால் 'எஸ்'. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிஜமாகவே 'ஐ'! அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. அங்கே முப்பது வருடமாகக் காசு சேர்க்கும் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். காசின் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது என்பதே அவர் சொன்ன முதல் பாடம். தேய்மானத்தை ராஜாவின் கன்னம், காதுக்கு மேல் முடி, கிரீடம் ஆகிய மேடான இடங்களில் பார்க்கிறார்கள். சில காசுகளில் ஷராஃப் எனப்படும் அந்தக் காலத்துக் காசுக்கடைக்காரர்கள் சோதித்ததற்கு அடையாளமாகக் குத்திய சின்ன முத்திரை இருந்தது. எனக்கு அது அழகாகத்தான் பட்டது, ஆனால் விலையைக் குறைத்துவிடுமாம். சவரனைத் திருப்பிப் பார்த்து, வளையத்தைத் தொட்டு, "பத்தவச்சிட்டாங்களே" என்றார். பம்பாய்க் காசாக இருந்தாலும் பற்றவைத்தது தங்கத்தின் விலைக்குத்தான் போகும்.

கடைசியாக நான் விபூதி போட்ட காசை எடுத்தார். ஒன்றும் பேசாமல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். முகம் முழுக்க மயிரிழைக் கோடுகள். "மூணு 1862லயும் இதுதாங்க நல்ல காசு. அந்தக் கறுப்பைத்தான் நாங்க காசு கொடுத்து வாங்குறோம். தேய்க்காம இருந்தா வெள்ளி விலையில மூணு மடங்கு நானே கொடுத்திருப்பேன்." நான் அதைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மற்றவை சாதாரணமாகக் கிடைக்கும் ஆண்டுகள்தாம், வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக எதுவும் வராது என்றார். அதைக் கேட்டு ஒரு வகையில் நிம்மதிதான், பங்கு பிரிக்கும் வேலை சுலபமாயிற்று. இதற்குள் சித்தி மகன் ஒருவன் என் படத்தை எங்கேயோ போட்டுவிட, காசுக்கு ஐந்து லட்சம் தருவதாக அவனுக்கு அழைப்பு வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். தன் பெயரில் இப்படிப் பழைய காசுக்குக் கட்டணம் கேட்பது மோசடி என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் அவன் அடங்கினான்.

சிங்கப்பூரில் இருக்கும் பெரியத்தை மகன் ஞாபகத்துக்கு ஒன்று கொண்டுபோகிறேன் என்றார். அதுவும் பழைய காசென்றால் முடியாது. நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வீட்டில் வைத்துக்கொள்ளலாம், தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. "எங்க அம்மாச்சி காசு, எனக்கே கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார்.

பங்கு பிரிக்க எந்த விலையை வைப்பது என்பதில் ஒரு சின்ன வாக்குவாதம். கடைக்காரன் தரும் விலையை வைக்கலாம் என்றார் அப்பா. குடும்பத்துக்குள்ளேயே இருக்கப்போகும் பொருளுக்குக் கடைக்காரனின் கழிவை எதற்குக் கழிக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைப் பலகையில் போடும் அன்றைய விலைக்கே ஒப்புக்கொண்டார்கள். வளையம் நீக்கிச் சவரன் 7.95 கிராம், 22 காரட் கிராம் 9,000 என்று வைத்து 71,500. தன் அம்மாவின் தாலிக் காசை விற்கக் கூடாது என்று பெரியத்தை அதை எடுத்துக்கொண்டார். வெள்ளியில் சாமிக்கு ஒன்று போக முப்பது. அப்பாவுக்கும் சின்னத்தைக்கும் நல்ல காசு பதினொன்று, போர்க்காலக் காசு நான்கு என்று ஆளுக்குப் பதினைந்து, சுமார் 15,170 ரூபாய். கணக்கு நேராகப் பெரியத்தை இருவருக்கும் ஆளுக்கு 18,800 கொடுத்தார். சின்னத்தை பணத்தை வாங்க மாட்டேன் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.

எனக்குத்தான் பைத்தியம் விடவில்லை. முதலில் ஒரு நகைக் கடையில் லட்சுமி போட்ட பத்து கிராம் வெள்ளிக் காசு வாங்கினேன். வெள்ளி 1,100, செய்கூலி 150, அதன்மேல் மூன்று சதவீத ஜிஎஸ்டி, ஆக 1,288. மறுநாள் அதே தெருவில் விசாரித்தால் 1,050 என்றார்கள். தங்கக் காசு வாங்க வங்கிக்குப் போனேன். நாங்கள் விற்போம், திரும்ப வாங்க மாட்டோம் என்று அவர்களே சொன்னதால் எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சந்தையில், தரையில் விரித்த சாக்கின்மேல், 1911 ரூபாய் ஒன்றைப் பார்த்தேன். ராஜாவின் அங்கியில் யானை போடப்போய் அது பன்றி மாதிரி அமைந்துவிட, எதிர்ப்பு கிளம்பி அடுத்த வருடமே திருத்திய காசு. வெளிவராமல் நின்றதை உருக்கிவிட்டதால் அதற்குக் கிராக்கி. 3,500 கொடுத்து வாங்கினேன். தராசு கையில் இல்லை. சுண்டிப் பார்க்கவும் தோன்றவில்லை, ஆசை அப்படி. வீட்டில் நிறுத்தால் 11.52, சரிதான். தண்ணீரில் 1.34. வகுத்தால் 8.6. விளிம்பை உருட்டிப் பார்த்தால் அச்சில் வார்த்த தையல் கோடு நீளமாக ஓடுகிறது.

அது மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. சாமிக்கு என்று ஒதுக்கிய ரூபாய், நான் விபூதி போட்டுத் தேய்த்த 1862தான். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சேர்த்துப் பொட்டு வைக்கிறார், பொட்டு வைக்கும் முன் விபூதியால் ஒரு தேய்ப்பு. நான் தடுப்பதில்லை.