மூன்று நாள் தேடியும் கிடைக்காத கமிஷன்

அமெரிக்காவின் வர்ஜீனியா பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்துக் கவுண்டி (மாவட்ட) நீதிமன்றங்களின் பழைய பதிவேடுகளைப் படிக்கப் போகிறவர்கள், 1765 என்ற ஆண்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாததால் எனக்கு மூன்று நாள் வீணாகிவிட்டது.

கமிஷன் என்றால் நமக்குத் தரகுப் பணம், இல்லாவிட்டால் விசாரணைக் குழு. அங்கே அது அரசர் பெயரில் கவர்னர் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அடிமை ஒருவர் மீது மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டால், 1692 சட்டப்படி அந்த வழக்குக்கென்றே ‘ஓயர் அண்ட் டெர்மினர்’ கமிஷன், அதாவது விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம், வர வேண்டும். ஜூரி கிடையாது. உள்ளூர் நீதிபதிகளே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

இதை நம்பி, 1769இல் நடந்த ஒரு விசாரணைக்கான கமிஷனைத் தேடி மைக்ரோஃபிலிமை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஆவண அறை ஊழியரிடம் கேட்டால், இன்டெக்ஸைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இன்டெக்ஸில் அடிமையின் பெயரே இல்லை. உரிமையாளர் பெயரில்தான் தேட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான்காம் நாள் சட்டத் தொகுப்பைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. 1765இல் சட்டத்தை மாற்றி, கவுண்டி நீதிபதிகளுக்குப் பொதுவான நிரந்தரக் கமிஷன் கொடுத்துவிட்டார்கள். வழக்குக்கு வழக்கு, அப்போதைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து பத்திரம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் தேடிய தாள் எழுதப்படவே இல்லை! வழக்கின் பதிவோ ஒரு பக்கம்கூட இல்லை. தூக்குத் தண்டனை என்று ஒரு வரி. அடுத்த வரியில் அந்த அடிமையின் விலை இத்தனை பவுண்டு என்று மதிப்பீடு, அரசுப் பணத்திலிருந்து உரிமையாளருக்குக் கொடுப்பதற்காக. அதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ‘கமிஷன் ஆஃப் தி பீஸ்’ என்ற, கவுண்டி நீதிபதிகளை நியமிக்கும் பத்திரத்தின் பட்டியலில் பெயர் இருப்பதால் ஒருவர் அந்த ஆண்டுதான் நீதிபதி ஆனார் என்று எழுதிவிடாதீர்கள். புதுப் பத்திரம் வரும்போதெல்லாம் பழைய பெயர்களும் சேர்ந்தே வரும். பட்டியலில் இருந்தும் பதவியேற்காதவர்கள் உண்டு. பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரம் ‘டெடிமஸ்’ என்ற தனிப் பத்திரத்தில் வரும். யார் யார் பிரமாணம் எடுத்தார்கள் என்ற பதிவைத் தேடிப் பிடித்தால்தான் நிச்சயம்.

அப்புறம் 1776, அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த ஆண்டு. ஜூலைக்குப் பிறகு பத்திரங்களில் அரசர் பெயர் போய் ‘காமன்வெல்த்’ என்று வர்ஜீனியா அரசின் புதிய பெயர் வருகிறது. ஆட்களும் மாறிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆனால் பழைய நீதிபதிகள் புதிய பிரமாணம் எடுத்துக்கொண்டு தொடரலாம் என்று வர்ஜீனியா கன்வென்ஷன் என்ற பிரதிநிதிகள் சபை அனுமதித்திருந்தது. அந்த 1769 விசாரணையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் புதிய பட்டியலிலும் இருக்கிறார்கள்.