டூட்டிங் கடைத்தெருவில் ஒரு ரோமானியச் சாலை: சர்ரேயின் பழமையை அறியப் புதிதாக வந்தோருக்கு

டூட்டிங் பிராட்வேயில் மளிகைக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் நடுவே ஓடும் ஏ24 சாலை ரோமானியர் போட்ட தடம். லண்டன் பாலத்தில் தொடங்கி கிளாப்பம், பாலம் (Balham), டூட்டிங், மெர்ட்டன், ஈவெல் வழியாகச் சிச்செஸ்டர் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போன இந்தச் சாலையின் பெயர் ஸ்டேன் ஸ்ட்ரீட். 1926இல் மார்டன் வரை நீண்ட நார்தர்ன் லைன் சுரங்கமும் இதே தடத்தைத்தான் பின்பற்றுகிறது. டூட்டிங், மிட்சம் (Mitcham), நியூ மால்டன் ஆகியவை ஒரு காலத்தில் சர்ரே கவுண்டிக்குள் இருந்த ஊர்கள் என்பது அங்கே வீடு வாங்கி ஆண்டுக்கணக்கில் வாழ்கிற பலருக்குத் தெரியாது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆவணம் தேடப் போனால் அலைச்சல்தான். 1889இல் லண்டன் கவுண்டி உருவானபோது சதர்க், லாம்பெத், பாட்டர்சீ, வாண்ட்ஸ்வொர்த் பகுதிகள் சர்ரேயை விட்டுப் போயின. 1965இல் கிராய்டன், கிங்ஸ்டன், சட்டன், மெர்ட்டன் எல்லாம் கிரேட்டர் லண்டனுக்குள் போயின. அதே ஆண்டு மிடில்செக்ஸில் இருந்த ஸ்டெயின்ஸ், சன்பரி பகுதி சர்ரேக்கு வந்தது. ஆகவே உங்கள் தெருவைப் பற்றிய காகிதங்களில் ஒரு பகுதி வோக்கிங்கில் உள்ள சர்ரே வரலாற்று மையத்திலும், ஒரு பகுதி உங்கள் பரோவின் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) ஆவணக்காப்பகத்திலும், மீதி லண்டன் ஆவணக்காப்பகத்திலும் கிடக்கலாம். வீட்டில் உட்கார்ந்தபடியே மூன்றின் பட்டியலையும் பார்த்துவிட்டு அப்புறம் ரயில் ஏறுங்கள்.

கவுண்டி முழுமைக்குமான சர்ரே தொல்லியல் சங்கம் 1854இல் தொடங்கியது. அதன் ஆய்விதழ் 1858 முதல் வருகிறது. பழைய தொகுதிகளை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். இதற்குக் கீழே ஊருக்கு ஒன்றாகச் சிறு சங்கங்கள் உண்டு. பெரும்பாலும் மாதம் ஒரு மாலை உரை, கோடையில் நடைச் சுற்று, எங்காவது ஓர் அகழாய்வு என்று ஆண்டு ஓடும். கூட்டம் தேவாலய மண்டபத்தில் நடப்பதைப் பார்த்து இது மத விஷயமோ என்று தயங்க வேண்டாம். வாடகை குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. முதல் தடவை உறுப்பினராகாமலே போகலாம், வாசலில் சில பவுண்டு வாங்கிக்கொள்வார்கள். சந்தா கட்டும்போது ‘கிஃப்ட் எய்ட்’ படிவம் தருவார்கள். உங்கள் கையிலிருந்து கூடுதலாக எதுவும் போகாது, நீங்கள் கட்டிய வருமான வரியில் ஒரு பங்கு சங்கத்துக்குப் போகும். பிரிட்டனில் வரி கட்டாதவர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது.

உரையைவிட இடைவேளைத் தேநீர்தான் முக்கியம். யார் எங்கே தோண்டப்போகிறார்கள், யாருக்கு ஆள் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். கோப்பை கழுவ ஒரு கை கொடுத்தால் அன்றைக்கே பழக்கமாகிவிடுவீர்கள்.

வயதானவர்கள் பொழுதுபோக்கக் கூடும் இடம் என்று இந்தச் சங்கங்களை எடைபோடுவது பெரும் பிழை. கில்ஃபோர்டுக்கு அருகே வான்பரோ என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். 1980களின் முற்பகுதியில் அங்கே ஒரு வயலில் ரோமானியருக்கு முந்தைய பிரிட்டானியக் காசுகள் கிடைத்தன. கண்டெடுத்தவர்கள் ஒழுங்காகத் தெரிவித்தார்கள். ஆனால் விசாரணையின்போது இடத்தின் பெயர் வெளியே தெரிந்துவிட, இரவோடு இரவாக உலோகம் காட்டும் கருவிகளோடு திருடர்கள் வந்து வயலையே குதறிப் போட்டார்கள். ஆயிரக்கணக்கான காசுகள் போயின. மிஞ்சியதைக் காப்பாற்றச் சங்கம் 1985–86இல் அவசர அகழாய்வு நடத்தியது. சதுர வடிவக் கோயில் ஒன்றின் அடித்தளமும், பூசாரி அணிந்த சங்கிலித் தலையணிகளும் வெளிப்பட்டன.

திருடர்கள் பிடிபட்டும் வழக்கு நிற்கவில்லை. அன்றைய சட்டப்படி, புதைத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு புதைத்தார் என்று நிரூபித்தால்தான் அது புதையல். கோயிலுக்குக் காணிக்கையாகப் போட்டதை யார் திரும்ப எடுப்பார்? இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று சர்ரே சங்கம் விடாமல் முயன்றது. 1996இல் புதையல் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்ததில் அந்த முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தச் சட்டம் இன்று தோட்டத்தில் வெங்காயம் நடுகிறவரையும் கட்டும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட, எடையில் குறைந்தது 10 விழுக்காடு தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் கிடைத்தால் அது புதையல். அதே வயதுடைய தங்க, வெள்ளிக் காசு என்றால் ஒரே இடத்தில் இரண்டு இருக்க வேண்டும். செம்புக் காசு என்றால் பத்து. 2023இல் இன்னொரு வகையும் சேர்ந்தது: 200 ஆண்டுக்கு மேற்பட்ட, தனிச் சிறப்புள்ள உலோகப் பொருள்கள். கண்டெடுத்த 14 நாளுக்குள், அல்லது இது புதையலாக இருக்கலாம் என்று உணர்ந்த 14 நாளுக்குள், தெரிவித்தாக வேண்டும். சட்டப்படி தெரிவிக்க வேண்டியது கொரோனரிடம் (திடீர் மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி); நடைமுறையில் உங்கள் பகுதிக்கான தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் கொடுத்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். மறைத்தால் சிறைவரை போகலாம். அருங்காட்சியகம் விலைக்கு எடுத்தால் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் வெகுமதி உண்டு. உலோகம் காட்டும் கருவி வாங்கிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பாதீர்கள். இங்கே உரிமையாளர் இல்லாத நிலம் கிடையாது, பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். தேம்ஸ் கரையில் குனிந்து பொறுக்கவும் லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமம் தேவை.

புதியவருக்கு ஏற்ற வேலை சோதனைக் குழி. யாராவது ஒருவரின் புல்தரையில் 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரம். முதலில் மின்கம்பி, எரிவாயுக் குழாய் ஏதும் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். புல்லைச் சதுரத் துண்டுகளாகச் செதுக்கி வெட்டிய வரிசையிலேயே பிளாஸ்டிக் விரிப்பில் அடுக்க வேண்டும். மாறினால் திரும்பப் பதிக்கும்போது பொருந்தாது. பிறகு 10 சென்டிமீட்டர் கனமாக மண்ணை இறக்குவது. ஒவ்வொரு இறக்கத்தின் மண்ணையும் 10 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, கிடைத்ததைத் தனிப் பையில் போட்டு, குழி எண், இறக்க எண், தேதி எழுத வேண்டும். களிமண்ணாக இருந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும், கையால் உடைத்துத்தான் தேட வேண்டும். மனிதர் கை படாத இயற்கை மண் வந்ததும் நிறுத்திவிடலாம். அது வராவிட்டாலும் 1.2 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, பக்கச்சுவர் சரிந்துவிடும். போவதற்கு முன் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடுவது பெரும்பாலும் ஆர்வக்கோளாறால்தான். ஒரு பானை ஓடு பளிச்சென்று தெரிந்ததும் அதைச் சுற்றிக் குடைந்து பிடுங்குவார்கள், மேலடுக்கு மண் கீழே சரியும். ஓர் அடுக்கின் காலத்தை அதில் உள்ள மிகப் புதிய பொருளே தீர்மானிக்கிறது. இருபது இடைக்கால ஓடுகளுக்கு நடுவே ஒரு சோடாப்புட்டி மூடி விழுந்தால், அந்த அடுக்கு முழுதும் சோடாப்புட்டிக் காலத்துக்கு வந்துவிடும். பெயர் எழுதாத பை வந்தால் அதிலுள்ளதைக் குப்பை என்றே வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் வேலை கழுவும் மேசைக்கு மாறும். பழைய பல் துலக்கி, இளஞ்சூடான தண்ணீர், ஒரு நேரத்தில் ஒரு பை, ஒரு தட்டு, ஒரு சீட்டு. உலோகத்தைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. ஓட்டின் உட்புறம் கருகிய பிசுக்கு ஒட்டியிருந்தால் அதையும் தேய்க்க வேண்டாம், அது அன்றைய சமையலின் மிச்சம். உடைந்த விளிம்பில் மட்டும் அழுக்கு நன்றாகப் போக வேண்டும், மண்ணின் நிறமும் அதில் கலந்த மணலும் அங்கேதான் தெரியும். காய வைக்கச் சூடேற்றியின் மேல் வைத்தால் விரிசல் விடும்.

சர்ரேயில் அடிக்கடி வருவது வெள்ளை மண்ணில் பச்சை மெருகு பூசிய ஓடு. 13, 14ஆம் நூற்றாண்டு என்றால் கிங்ஸ்டன் வகை. 16, 17 என்றால் ஃபார்னம் பக்கத்தில், சர்ரே–ஹாம்ப்ஷயர் எல்லையில் இருந்த சூளைகளில் சுட்டது. களிமண் புகைக்குழாய்த் தண்டும் நிறையக் கிடைக்கும். அதன் துளையைத் துளைக்கருவி முனைகளை நுழைத்து அளப்பார்கள்: 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர், 18ஆம் நூற்றாண்டில் அதில் பாதி அளவுக்கு இறங்கிவிடும். புகையிலை விலை கூடுதலாக இருந்த காலத்துக் கிண்ணம் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவுக்குச் சிறிது. எலும்பு கிடைப்பது மண்ணைப் பொறுத்தது. வடக்கு டவுன்ஸ் சுண்ணப்பாறையில் நன்றாக நிலைக்கும், தெற்கே அமில மணலில் கரைந்துபோகும். எலும்பு இல்லை என்பதால் அங்கே ஆடுமாடு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

குனிந்து தோண்ட முடியாதவருக்கு ஆவண வேலை இருக்கிறது, நம்மில் பலருக்கு அதுதான் பிடித்தும் போகிறது. வாசிப்பறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும். பையைப் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். அடையாளச் சான்று கையில் இருக்கட்டும். சொந்த வீட்டிலிருந்து தொடங்குவது எளிது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்டனன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் இலவசம். இன்றைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் 1930களின் வீடு எந்தப் பண்ணையின் எந்த வயலில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். மக்கள்தொகைக் கணக்கு 100 ஆண்டு பூட்டிலிருக்கும். 1921க்கு உரியது 2022இல் திறந்தது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டாம்: 1931இன் ஏடுகள் 1942இல் தீயில் போயின, 1941இல் கணக்கே எடுக்கவில்லை. அந்த இடைவெளியை அடைப்பது போர் தொடங்கியதும் மக்களைக் கணக்கெடுத்த 1939 செப்டம்பர் பதிவேடு ஒன்றே. கதவு எண்ணை நம்பாதீர்கள், தெரு நீள நீள எண்ணை மாற்றியிருப்பார்கள். மூலைவீட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே வருவதுதான் பாதுகாப்பு.

இன்னும் பின்னால் போனால் 1836 சட்டத்துக்குப் பின் வரைந்த தசமபாக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குக் கொடுத்த வரி) வரைபடங்கள் வரும். ஒவ்வொரு வயலுக்கும் உரிமையாளர், குத்தகைக்காரர், பயிர், பரப்பளவு எல்லாம் எழுதியிருக்கும். பரப்பளவு ஏக்கர், ரூட், பேர்ச் என்று மூன்று பத்தியில் இருப்பதைப் பார்த்து இங்கே பிறந்தவர்களே விழிப்பார்கள். இலங்கையிலிருந்து வந்தவருக்குச் சிரமமே இல்லை: 40 பேர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர், யாழ்ப்பாணக் கணக்கில் 10 பேர்ச் ஒரு பரப்பு. தமிழ்நாட்டுக்காரர் ஒரு ரூட்டை 25 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். 1538இல் தொடங்கிய பாரிஷ் (தேவாலய வட்டார) பதிவேடுகளுக்குள் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்குக்கு 1721. தங்கைக்குப் பிறகு அக்கா பிறந்ததுபோல் வரும் குழப்பங்களில் பாதி இதனால்தான்.

பார்க்க வேண்டிய இடங்களில் முதலில் போகவேண்டியது காலியர்ஸ் வுட் அருகே மெர்ட்டன் மடம். 1236இல் மெர்ட்டன் சட்டம் இயற்றப்பட்ட இடம்; பின்னால் கேன்டர்பரி பேராயரான தாமஸ் பெக்கெட் படித்ததும் இங்கே. இன்று அதன் துறவிகள் கூடிப் பேசிய பேரவைக் கூடத்தின் அடித்தளம் மெரான்டன் வே சாலைக்குக் கீழே இருக்கிறது. 1538இல் மடத்தை இடித்த கல்லை எட்டாம் ஹென்றி சீம் பக்கம் வண்டியில் கொண்டுபோய் நான்சச் அரண்மனைக்குப் போட்டான். அந்த அரண்மனைக்காக கடிங்டன் என்ற ஊரே தேவாலயத்தோடு தரைமட்டமானது. 1680களில் அரண்மனையும் பிரித்து விற்கப்பட்டது. 1959இல் தோண்டியபோது அரண்மனை முற்றத்துக்கு அடியில் தேவாலய அடித்தளம் வந்தது. இப்போது பூங்காவில் அடையாளக் கற்கள் மட்டும்தான், வரைபடம் இல்லாமல் போனால் ஒன்றும் புரியாது.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் கேட்டரம் அருகே சால்டன் தேவாலயத்துக்குப் போங்கள். 1200ஐ ஒட்டி வரைந்த சுவரோவியம் மேற்குச் சுவரை நிறைத்திருக்கிறது. நடுவே ஏணி, அதில் ஏறும் உயிர்களும் தலைகீழாக விழும் உயிர்களும். கீழே வட்டிக்காரன் பணப்பையோடு நெருப்பில் உட்கார்ந்திருக்கிறான். ஏமாற்றிய தொழிலாளிகள் முட்பாலத்தில் நடக்கிறார்கள். நூற்றாண்டுக்கணக்கில் வெள்ளைச் சுண்ணத்துக்கு அடியில் மறைந்திருந்ததால்தான் இது தப்பியது.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள இடம் ஈஷரில் கிளேர்மான்ட். 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ், பின்னால் இந்தியாவில் சேர்த்த பணத்தில் பழைய மாளிகையை இடித்துவிட்டுக் கட்டிய வீடு. 1774இல் முடியும் தறுவாயில் அவரும் இறந்துபோனார். வீடு இப்போது பள்ளி, தோட்டம் தேசிய அறக்கட்டளையிடம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களின் உயில்களும் கடிதங்களும் சர்ரேக் குடும்பங்களின் காகிதக் கட்டுகளில் கிடந்தால், திருச்சியையும் நாகப்பட்டினத்தையும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடையாளம் காணக்கூடியவர் சங்கத்துக்கு உடனே வேண்டியவராகிவிடுவார்.

கடைசியாக வீட்டை நீட்டிக்கட்ட நினைப்போருக்கு. கட்டட வரைபடம் போடுமுன் உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உண்டா, தொல்லியல் முன்னுரிமைப் பகுதியில் வருகிறதா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள வீட்டை ஒப்புதலின்றி மாற்றுவது குற்றம், முந்தைய உரிமையாளர் செய்ததைச் சரிசெய்யச் சொல்லியும் உங்களிடம் வரலாம். முன்னுரிமைப் பகுதி என்றால் அடித்தளம் தோண்டும்போது தொல்லியலாளர் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கவுன்சில் நிபந்தனை போடக்கூடும். அவர் கூலி உங்கள் கணக்கில்தான். ஒப்பந்தக்காரரோடு விலை பேசும் முன்பே இதைக் கேட்டு வைத்தால், குழி தோண்டிய பிறகு வேலை நிற்காது.