புதுப் பள்ளிக் கட்டடமும் கிரேக்கத் திருவிழாவும்

மனசு நிறைஞ்சு கிடக்கு. மெல்பர்ன்ல எங்க பக்கத்து அரசுப் பள்ளியில கட்டட வேலை முடிஞ்சாச்சு. நல்ல வெளிச்சம் வர்ற நூலகம், விளையாட்டுத் திடலுக்கு நிழல்கூரை, சக்கர நாற்காலி போறதுக்குச் சரிவுப் பாதை. எனக்கு அந்தச் சரிவுப் பாதைதான் பெரிய சந்தோஷம். இனி எந்தப் பிள்ளையையும் படியில தூக்கிட்டுப் போக வேண்டாம். விடாம கேட்டுக் கேட்டு வாங்கின பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கோடி நன்றி!

அதே சந்தோஷத்தோட குடும்பமா லான்ஸ்டேல் தெரு கிரேக்கத் திருவிழாவுக்குப் போனோம். தெரு முழுக்க சுவ்லாக்கி, அதாவது கம்பியில கோத்த இறைச்சி, சுடுற வாசம். சுடச்சுட லூகுமாதெஸ்ங்கிற பொரிச்ச மாவு உருண்டை, மேல தேனும் பட்டைத்தூளும். பிள்ளைங்களை அங்கிருந்து நகர்த்தவே முடியல.

அப்புறம் கலமத்தியானோஸ்ங்கிற கிரேக்க நாட்டுப்புற ஆட்டம். கைகோத்து வட்டமா ஆடுறாங்க, தாளம் ஏழு. மூணு, ரெண்டு, ரெண்டு. நம்ம கர்நாடக இசையோட மிஸ்ர சாபு தாளம்தான்! மிருதங்கம் படிக்கிற என் பொண்ணு "தகிட தகதிமி"ன்னு தொடையில தட்ட ஆரம்பிச்சுட்டா. பக்கத்துல நின்ன கிரேக்கப் பாட்டி அவ கையைப் பிடிச்சு வட்டத்துக்குள்ள இழுத்துட்டாங்க.

இந்த ஊர்ல கிரேக்கர்களோட சமூக அமைப்பு 1897லயே தொடங்கினது. ஆஸ்திரேலியாவும் கிரீஸும் போட்ட 1952 குடியேற்ற ஒப்பந்தத்துக்கு அப்புறம் வந்தவங்கள்ல நிறையப் பேர் ஆலைகள்ல உழைச்சவங்க. அந்த உழைப்புக்கு நடுவுலயும் பிள்ளைகளுக்கு மொழிப் பள்ளி நடத்தினாங்க, இன்னமும் நடத்துறாங்க. இன்னைக்கு எங்க விக்டோரியா மாநிலத்துல பன்னிரண்டாம் வகுப்புக்கு கிரேக்கமும் பாடம், தமிழும் பாடம். பெருமையா இருக்கு.

அடுத்த வருஷம் வர்றவங்க சொல்லுங்க, சேர்ந்தே போவோம்.