பாட்டியின் மாத்திரை டப்பா
கோத்தகிரிப் பாட்டிக்கு 78 வயது. காலை மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார். அதே ஆள் தேயிலைச் செடி முன்னால் நின்றால், இரண்டு இலை ஒரு மொட்டைப் பார்க்காமலே கிள்ளுகிறார். வாய் என் கல்யாணப் பேச்சில் இருக்கிறது.

இந்த மறதி எங்கிருந்து வருகிறது? வயதானால் மரபணு சுருண்டிருக்கும் விதமும் மாறுகிறது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் அசிட்டைல் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டினால் சுருள் தளரும், மரபணு வேலை செய்யும். 2010இல் கிழட்டு எலிகளுக்கு இந்த ஒட்டலை மருந்தால் கூட்டியதும் கற்கும் திறன் மீண்டது. சரி, எலிக்குத்தான்.

ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு மூளையில் நினைவைக் கவனிக்கும் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்ததாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது. பாட்டியிடம் சொன்னேன்.

"இந்த மேட்டை நான் ஏறாத ஏத்தமா கண்ணு? ஆமா, மாத்திரை போட்டேனா?"